ஆறு மூடிப் பேட்டரி

பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வேறொன்றைத்தான் கை காட்டினார். அது வேண்டாம், இதுதான் வேண்டும் என்று கடை வாசலில் மல்லுக்கு நின்றவள் நான். கல்யாணமான நாளிலிருந்து என் வாய்க்கு முன்னால் அந்த மனுசன் ஜெயித்ததே இல்லை. அன்றைக்கு ஒருநாளாவது ஜெயித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

என் வீட்டுக்காரர் சமையல் மாஸ்டர். கல்யாணச் சமையல், காதுகுத்துச் சமையல் எல்லாம் உண்டு என்றாலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது திருவிழாக் கறிச்சோறுதான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, ஊர்களில் கோயில் திருவிழா என்றால் நேர்ச்சை வைத்தவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் கொண்டுவந்து கோயில் வாசலில் சேர்ப்பார்கள். அத்தனையையும் ஒன்றாக்கி, வெட்டவெளியில் கல்லடுப்புக் கூட்டி, எட்டு அண்டா பத்து அண்டா ஏற்றிச் சமைத்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் போட வேண்டும். எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. அவர் மாஸ்டர், நான் எடுபிடி. மசாலா என் பொறுப்பு, அரிசி களைவது என் பொறுப்பு, திருவிழாக் கமிட்டிக்காரர்களோடு சண்டை போடுவதும் என் பொறுப்பு. அவருக்குச் சண்டை வராது. கறி குறைவாக வந்தால்கூட, "சரி விடு, தண்ணியக் கொறச்சு ருசியக் கூட்டிருவோம்" என்பார்.

திருவிழா அடுப்புக்கு ஒரு முறை உண்டு. காலைப் பூசை முடிந்ததும் சாமியார் பீடத்து மெழுகுதிரியிலிருந்து ஒரு பந்தத்தைக் கொளுத்தி மாஸ்டர் கையில் கொடுப்பார். அந்தத் தீயில்தான் அடுப்புப் பற்ற வேண்டும். கடைசி அண்டா இறங்குகிறவரை ஒரு அடுப்பும் அணையக் கூடாது. அணைந்தால் அந்த வருஷத்து நேர்ச்சையைப் புனிதர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊரே முகம் சுண்டிப் போகும். விறகு தள்ள ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தீயை வாங்கியவர்தான் ஊத வேண்டும். வேறு ஒருத்தர் மூச்சு அதில் படக்கூடாது.

தொண்ணூறுகள் முழுக்க அவர் இப்படித்தான் ஊதினார். கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், அதுதான் அவருடைய ஊதாங்குழல். ஒவ்வொரு அடுப்பாகக் குந்தி உட்கார்ந்து, கன்னம் புடைக்க ஊதி, எழுந்து, அடுத்த அடுப்புக்குப் போவார். காய்ந்த விறகாக இருந்தால் இரண்டு ஊது போதும். கருவை விறகு ஈரமாக வந்துவிட்டால் தொலைந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக, புகைக்குள் ஆளே தெரியாது. இருமல் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாளைக்கு இருமுவார். பிறகு அது நாலு நாளாயிற்று. பிறகு எப்போதுமே என்றாயிற்று. பிள்ளைகள் இரண்டும் வேலை என்று வெளியூர் போய்விட்ட வீட்டில் அந்த இருமல்தான் எனக்குப் பேச்சுத் துணை.

பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன கட்டு பீடி?"

"கையால தொட்டதில்லங்க."

"அப்ப இம்புட்டுப் பொகை எப்பிடி உள்ள போச்சு?"

நான்தான் சொன்னேன், அடுப்பு ஊதுற கதையை. டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "இனிமே ஊதக்கூடாது. சமைக்கலாம், தள்ளி நின்னு சொல்லலாம். ஊதினா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சுற்றி வளைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்ப திருவிழா வேலைய விட்டுற வேண்டியதுதான்" என்றார் நாகல்நகர் வந்ததும். அந்த வேலையை விட்டால் இருமல் கொல்வதற்கு முன்னால் ஏக்கமே அவரைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

புளோயர் வைக்கலாம் என்பது என் யோசனை. பரோட்டாக் கடையில் பார்த்திருந்தேன். சின்ன மோட்டார், உள்ளே காற்றாடி, குழாய் வழியாகக் காற்று அடுப்புக்கு அடியில் போகும். தெரிந்த பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் நீளக் குழாயில் துளை போட்டு, ஒரு மோட்டாரிலிருந்து வரிசையாக நாலு அடுப்புக்குக் காற்றுப் போகிற மாதிரி செய்து கொடுத்தார். இரண்டு வரிசைக்கு இரண்டு மோட்டார். வழக்கத்துக்கு விரோதம் என்று கமிட்டிக்காரர் ஒருவர் முனகினார். பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சுவிட்ச மாஸ்டரே போடட்டும்மா, அது போதும்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் மோட்டார் ஓட மின்சாரம் வேண்டுமே. கோயில் கரண்ட்டை நம்பி அடுப்பு மூட்டுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது மாதிரி. திருவிழா அன்றைக்குப் பாதி நேரம் கரண்ட்டே இருக்காது, இருந்தால் மைக் செட்டுக்கே பற்றாது. ஜெனரேட்டர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதுவும் புகைதான், அதோடு அந்த இரைச்சலில் அவருக்கு அண்டா பேசுவது கேட்காது. தம் போட்ட பிறகு அண்டாவுக்குள் சத்தம் மாறும். காதை வைத்துக் கேட்டே, "இன்னும் செத்த நேரம்" என்றோ "எறக்கு" என்றோ சொல்கிற மனுசன் அவர். ஆகவே பேட்டரி என்று முடிவாயிற்று.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு பாய் பேட்டரிக் கடை வைத்திருந்தார். நாங்கள் போனபோது நாலு பேட்டரிகளைப் பலகை மேல் எடுத்து வைத்தார். பொண்ணு பார்க்கப் போனவர்கள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம்.

முதலில் லாரி பேட்டரி. ஒரு நாள் முழுக்க ஓடும். ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், எங்களிடம் இருந்ததோ ஒரு மொபெட். நெஞ்சு போன மனுசன் அதைத் தூக்கினால் ஊதாமலே உயிர் போய்விடும். அடுத்து பைக் பேட்டரி. டிபன் கேரியர் கனம்தான். ஆனால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும். முதல் அண்டாவில் உலை கொதிக்கவே காணாது. மூன்றாவது கார் பேட்டரி. ஒரு சிப்பம் அரிசியில் பாதிக்கு மேல் கனம். மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் உட்காரும். இரண்டு மோட்டாரையும் நாலைந்து மணி நேரம் ஓட்டும். மேலே ஆறு மூடி. நாலாவது, கம்ப்யூட்டருக்கு வைக்கிற கறுப்புப் பேட்டரி. கார் பேட்டரி அளவுதான், ஆனால் மூடியே கிடையாது. சுற்றிலும் ஒட்டி அடைத்திருந்தது.

"மாஸ்டரு வேலைக்கு இதுதாக்கா சரி" என்று பாய் அந்தக் கறுப்புப் பேட்டரியைத் தட்டினார். "தண்ணி கேக்காது. மொபெட்டுல சாஞ்சாலும் ஒழுகாது."

"எனக்கும் அதுதான் தோணுது" என்றார் இவர்.

"உள்ள என்ன இருக்குன்னு எப்பிடிப் பாக்குறது?" என்றேன்.

"பாக்க வேணாம்க்கா. அதான் சீல் பண்ணிருக்குல்ல."

"ஏமாத்துறவனுக்கு வசதியாத்தான் இருக்கும்."

"ஏ இவளே, செத்த சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. மூடி தெறக்க முடியாத அண்டாவுல நீங்க சோறு ஆக்குவீகளா? பதம் பாக்காம பந்தி போடுவீகளா?"

சமையல்காரரிடம் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வார்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. பாயும் சிரித்தார். "பிரியாணிக்காரவுகளுக்கு பேட்டரி விக்கிறது லேசுல்ல" என்று சொல்லிக்கொண்டே ஆறு மூடிக்காரியைத் துடைத்துக் கொடுத்தார். மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும், உள்ளே இருக்கும் தகடு முங்குகிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், குறைந்தால் பேட்டரித் தண்ணீர் என்று பாட்டிலில் விற்பதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். "குழாத் தண்ணி, போர் தண்ணி, கெணத்துத் தண்ணி எதுவும் ஆகாதுக்கா." காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே விழுந்தது.

ஒன்றரை வருஷம் நாங்கள் நன்றாக இருந்தோம். அதையும் சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டால் புளோயர் ங்கொய்ய் என்று கிளம்பும். ஈர விறகுகூடப் புகையாமல் திகுதிகுவென்று பிடிக்கும். இவர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டாவது அடுப்புல ஒரு வெறக உருவு" என்று கலெக்டர் மாதிரி உத்தரவு போடுவார். இருமல் குறைந்தது. கழுத்து எலும்பு மறைந்து சதை போட்டது. நிலக்கோட்டையில் ஒரு திருவிழாவுக்குப் போனபோது, பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வந்து என் தலையில் வைக்கச் சொன்னார். ஐம்பது வயதில். நான் திட்டினேன், ஆனாலும் வைத்துக்கொண்டேன். அந்தப் பேட்டரி மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி மாளாது. புனிதர் படம் ஒன்றை அதன் மேல் ஒட்டினேன். மாதா மாதம் முதல் வெள்ளிப் பூசைக்குப் போய் வந்ததும் ஆறு மூடியையும் திருகி, டார்ச் அடித்து, தகடு முங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இதுக்குத்தாண்டா மூடி வேண்டும் என்றேன் என்று பெருமையாக இருக்கும்.

இப்போது தண்ணீர் கதைக்கு வர வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் பத்து நாள், பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, சொம்பெல்லாம் வெள்ளையாய்ப் படிந்துவிடும். நல்ல தண்ணீர் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் பிடித்து, குடத்து வாயில் துணி கட்டி வைப்போம். அது அவருக்கு, அவர் மாத்திரைக்கு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. நான் போர் தண்ணீரையே குடித்துப் பழகிக்கொண்டேன். எங்களுக்கு அந்தத் தண்ணீரை விட உசத்தியான பொருள் வீட்டில் கிடையாது.

ஒரு முதல் வெள்ளிக்கிழமை பேட்டரித் தண்ணீர் பாட்டில் காலி. பாய் கடைக்கு பஸ் ஏறிப் போக வேண்டும், எனக்கோ கால் வலி. பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் தண்ணீர்தானே? அதை பாட்டிலில் அடைத்துக் கட்டாயம் இதைத்தான் வாங்கணும் என்று சொல்கிறான் என்றால் அது யாவாரப் புத்திதானே? என் மாதிரிக் கெட்டிக்காரியிடமா? குடத்திலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு, கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் மூன்று தடவை வடிகட்டினேன். கைக்குழந்தைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்துக் கொடுத்ததில்லை. ஆறு மூடியையும் திறந்து ஊற்றினேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ங்கொய்ய் என்று ஓடிற்று. அன்றைக்குப் போர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவரிடம் சொல்லவில்லை. எப்போதாவது பாயின் முன்னால் போட்டு உடைத்து இரண்டு பேரையும் கேலி செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் பாட்டிலே வாங்கவில்லை. ஏழு மாதம் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மார்கழியில் ஒருநாள் அவர் மட்டும் பேட்டரியை மொபெட்டில் வைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார். திருவிழா வருகிறது, சார்ஜ் ஏற்றி வருகிறேன் என்றார். திரும்பி வந்தவர் வாசல்படியில் உட்கார்ந்து, துணி கட்டிய குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு செம்பு தண்ணி குடு."

கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ குடி."

"எனக்கெதுக்கு? நீங்க குடிங்க."

"நீ இதுல ஒரு வாய் குடிச்சு நான் பாத்ததே இல்ல, புள்ள. குடி."

என்ன இது கூத்து என்று வாங்கிக் குடித்தேன். ஏதோ பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

திருவிழா எரியோட்டுக்குப் பக்கத்து ஊரில். எட்டு அண்டா. முந்தின நாளே நாலு வண்டி கருவை விறகு கொண்டுவந்து இறக்கி வைத்திருந்தார்கள். மூடி வைக்கத்தான் ஒருத்தனுக்கும் புத்தி போகவில்லை. விறகு மழையில் ஊறிக் கிடந்தது. கமிட்டிக்காரரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். இவர் ஒரு விறகைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "புளோயர் இருக்குல்ல, அப்பறம் என்ன?" என்றேன் நான். அவர் அந்த விறகை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்.

பூசை முடிந்து சாமியார் பந்தத்தைக் கொடுத்தார். இவர் வாங்கி எட்டு அடுப்பையும் பற்ற வைத்து, சுவிட்சைப் போட்டார். புளோயர் கிளம்பிற்று, ஆனால் பழைய சத்தம் இல்லை, தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி. கறி பாதி வெந்து, அரிசி போடுகிற நேரத்தில் இரண்டு மோட்டாரும் இழுத்து இழுத்து நின்றுபோயின. வயரை ஆட்டிப் பார்த்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் முங்கத்தான் இருந்தது. கரண்ட் காலையிலேயே போயிருந்தது. ஒருவர் பைக்கைக் கொண்டுவந்து அதிலிருந்து இழுத்துக் கொடுத்தார், பத்து நிமிஷம் ஓடி அதுவும் படுத்தது. டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வாங்கய்யா என்று கத்தினேன். டிராக்டர் மூன்று மைல் தள்ளி ஒரு காட்டில், வயலில் சேறு. ஆள் ஓடிற்று.

அதற்குள் எட்டு அடுப்பும் புகைய ஆரம்பித்துவிட்டன. ஊர் சனம் சுற்றி நின்று பார்த்தது. இவர் போய்ப் பையைத் திறந்து அந்தப் பழைய இரும்புக் குழாயை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

"வேணாங்க. கும்பிட்டுக் கேக்குறேன், வேணாம்" என்றேன்.

"செத்த நேரந்தான். டிராக்டர் வந்துரும்."

அவர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி நானே குந்தி ஊத ஆரம்பித்தேன். கமிட்டிக்காரர், "ஏ ஆத்தா, முறையில்லாத காரியம் பண்ணாதீக" என்று பதறினார். "உங்க முறையில கொள்ளிய வைக்க! இந்த மனுசன் செத்தா உங்க கமிட்டியா வந்து எழுப்பும்?" என்றேன். இரண்டு அடுப்பு ஊதியிருப்பேன். இவர் வந்து என் பக்கத்தில் குந்தி, மெதுவாகக் குழாயை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "ஊர் நேர்ச்ச, புள்ள. நாம கெடுத்ததா இருக்கக் கூடாது" என்றார். அந்த "நாம" என்ற பேச்சுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் பாய் மேல்தான். "அந்தக் கட்டையில போறவன் மட்டமான பேட்டரியத் தலையில கட்டிட்டான், அவன் கட வெளங்குமா?" என்று ஊருக்குக் கேட்கத் திட்டினேன். ஊதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "பாயத் திட்டாத" என்றார். அதைச் சொல்லவே மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

டிராக்டர் பேட்டரி வந்து சேர்ந்தபோது எட்டாவது அண்டாவுக்குத் தம் போட்டாகிவிட்டது. ஒரு அடுப்பும் அணையவில்லை. சாமியார் வந்து அண்டாக்கள் மேல் சிலுவை போட்டு மந்திரித்தார். சோறு பொலபொலவென்று இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கருநீலமாக இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. மூக்கிலும் வாயிலும் மூடி போட்டு, உருளையிலிருந்து காற்றுக் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் எனக்குப் புளோயர் சத்தமாகவே கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாயைச் சபித்துக்கொண்டிருப்பேன். அவர் மூடிக்குள்ளிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். நல்ல மனுசன், அந்தப் பாயைக்கூட மன்னிக்கிறார் என்று நினைத்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், சாமியார் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த மறுநாள் போய்விட்டார். அவர் இல்லாத வீட்டில் இருமல் சத்தம் கேட்காதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பைத்தியம் மாதிரி.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பேட்டரியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். கேட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். என் தாலியை அறுத்துட்டியே என்றேன். பாய் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"சொல்லுங்க பாய், இப்ப ஏன் வாயடச்சுப் போச்சு?"

"சொல்லக் கூடாதுன்னு மாஸ்டரு சொல்லிருந்தாருக்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார். மார்கழியில் இவர் வந்திருக்கிறார். காத்து முன்ன மாதிரி இல்ல, என்னன்னு பாருங்க என்றிருக்கிறார். பாய் மூடியைத் திறந்து பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார், குழாய்த் தண்ணீர் ஊற்றித் தகடெல்லாம் வீணாகிவிட்டது, இனி தேறாது என்று.

"அவரு ஆறு மூடியையும் அவரே திருகி மூடினாருக்கா. பெறகு, 'அவ உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு நல்ல தண்ணிய இதுக்கு ஊத்திருக்கா பாய்'னாரு. புதுச இப்பவே கொண்டு போங்க மாஸ்டர்னு சொன்னேன். கேக்கல. 'புதுசு கொண்டு போனா ஏன்னு கேப்பா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது. இது திருவிழாவுல தானா நிக்கட்டும். பழசாயிருச்சு, மாத்துவோம்னு அவளே சொல்லுவா. வெறகு காஞ்சிருந்தா நான் சமாளிச்சுருவேன்'னாரு."

பாய் எழுந்து உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்து பலகை மேல் வைத்தார். அந்தக் கறுப்புப் பேட்டரி. மூடி இல்லாதது. மேலே சாக்குக்கட்டியில் 'மாஸ்டர்' என்று எழுதியிருந்தது.

"இத எடுத்து வைங்கன்னாரு. திருவிழா முடிஞ்ச மறுநா உங்களையும் கூட்டிட்டு வாரேன்னாரு."

அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சொல்லியிருந்தால் என்ன? நான் அழுதிருப்பேன், ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன், பிறகு எழுந்திருப்பேன். ஒரு தப்புச் செய்தோம் என்று தெரிந்தால் நான் செத்தா போய்விடுவேன்? அந்த மனுசன் மேல் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதுதான். என் மனசு நோகாமல் இருக்கத் தன் மூச்சைக் கொடுத்துவிட்டார்; அதைவிட அதிகமாக என்னை யாரும் நோகடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நாளைக்கு அப்புறம். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் குடத்தோடு, "யக்கா, ஓடியாங்க, நல்ல தண்ணி நின்னுரப் போகுது" என்று கூப்பிட்டாள்.

எனக்கு வேண்டாம், நீயே பிடிச்சுக்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.